நம்புக, நாடுக

நுழையும்முன்

நம்பிக்கை இன்றி மனித வாழ்வு ஒருநாளும் நடவாது. பேருந்தில் ஏறுபவர் ஓட்டுநரை நம்புகிறார். மருந்தை உட்கொள்பவர் அதைத் தந்தவரை நம்புகிறார். எனினும், எவரை, எவ்வளவு, எவ்வாறு நம்புவது என்னும் வினா எக்காலத்தும் உண்டு. அவ்வினாவுக்கு விடையாக ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள ஒரு மரபுத்தொடரின் பிறப்பையும் பொருளையும் பயன்பாட்டையும் இப்பாடம் விளக்குகிறது. மூன்றே சொற்களால் ஆன அத்தொடர், இரு வல்லரசுகள் தம் ஏவுகணைகளைத் தாமே அழித்த வரலாற்றோடு பிணைந்தது.

மரபுத்தொடரும் அதன் பொருளும்

ஆங்கிலத்தில் 'டிரஸ்ட், பட் வெரிஃபை' என்றொரு தொடர் வழங்குகிறது. 'நம்பு, ஆனால் சரிபார்' என்பது அதன் நேர்ப்பொருள். பழமொழியாகத் தோன்றிய இது, இன்று செய்தித்தாள்களிலும் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் மரபுத்தொடராக நிலைபெற்றுள்ளது.

ஒருவர் கூறுவதை நல்லெண்ணத்தோடு ஏற்றுக்கொண்டு செயலைத் தொடங்கலாம். ஆயின், கூறியது கூறியவாறு நடைபெறுகிறதா என்பதைச் சான்றுகளால் உறுதிசெய்து கொண்டே இருத்தல் வேண்டும் என்பது இத்தொடரின் கருத்து. நம்பிக்கையைப் பற்றிய வேறு ஆங்கிலத் தொடர்களும் உள்ளன. ஒரு செய்தியைச் 'சிறிது உப்புடன் ஏற்றுக்கொள்' என்றால், அதை முழுவதும் நம்பிவிடாதே என்பது பொருள். 'ஐயத்தின் பயனை அவருக்கே அளி' என்றால், தெளிவான சான்று கிடைக்காத நிலையில் ஒருவரைக் குற்றமற்றவராகவே கொள்க என்பது பொருள். முன்னது நம்பிக்கையைக் குறைக்கச் சொல்கிறது. பின்னது ஐயத்தை ஒதுக்கச் சொல்கிறது. 'நம்பு, ஆனால் சரிபார்' என்பதோ நம்பிக்கையையும் ஆராய்ச்சியையும் ஒருசேர வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இதுவே இத்தொடரின் தனித்தன்மையாகும்.

ஒரு வேர், இரு சொற்கள்

ஆங்கிலத் தொடராக உலகம் அறிந்த இது, பிறப்பால் ரஷ்ய மொழிக்கு உரியது. 'தவெர்யாய், நோ ப்ரவெர்யாய்' என்பது அதன் மூல வடிவம். தமிழ் யாப்பிலக்கணம் கூறும் இயைபுத் தொடையைப் போல, இரு சொற்களின் இறுதியும் ஒத்து ஒலிப்பதைக் காணலாம். அந்த ஓசை ஒற்றுமையே இப்பழமொழியை மக்கள் நாவில் நிலைக்கச் செய்தது.

இவ்வொற்றுமை ஓசையளவில் நின்றுவிடவில்லை. ரஷ்ய மொழியில் 'வேரா' என்னும் சொல் நம்பிக்கையைக் குறிக்கும். நம்புதலைக் குறிக்கும் வினைச்சொல்லும் சரிபார்த்தலைக் குறிக்கும் வினைச்சொல்லும் இவ்வேரிலிருந்தே கிளைத்தவை. முன்னொட்டு மாறும்போது பொருள் மாறுகிறது, வேர் மாறுவதில்லை. ஆகவே, நம்புவதும் சரிபார்ப்பதும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதை அம்மொழியின் சொல்லமைப்பே உணர்த்துகிறது.

ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபோது ஓசையும் வேர் ஒற்றுமையும் மறைந்தன. 'டிரஸ்ட்' என்பது ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் வழியே வந்தது. 'வெரிஃபை' என்பது இலத்தீன் மொழியில் உண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இடையில் நிற்கும் 'ஆனால்' என்னும் பொருளுடைய சொல், இரண்டையும் ஒன்றுக்கொன்று மாறானவை போலக் காட்டிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் சொற்பொருள் வந்து சேர்ந்தாலும் சொல்லுறவு வழியில் நின்றுவிடுவதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அரசியல் மேடையில் ஒரு பழமொழி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் நேரடிப் போரில் இறங்காமலேயே பகைகொண்டு நின்றன. அக்காலம் பனிப்போர்க் காலம் எனப்படும். 1970களின் பிற்பகுதியில் சோவியத்து ஒன்றியம் ஐரோப்பாவை இலக்காகக் கொண்டு 'எஸ்.எஸ்.-20' என்னும் ஏவுகணைகளை நிறுத்தியது. அதற்கு மறுமொழியாக அமெரிக்கா, 1983ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு ஜெர்மனியில் 'பெர்ஷிங்-2' ஏவுகணைகளை நிறுத்தத் தொடங்கியது. அணுகுண்டைச் சுமந்து செல்லும் இவை சில நிமிடங்களில் இலக்கை அடையும் ஆற்றல் பெற்றவை. தவறான ஓர் எச்சரிக்கை ஒலியே பேரழிவுக்கு வித்தாகலாம் என்னும் அச்சம் அன்று நிலவியது.

ஏவுகணைகளைக் குறைக்க இரு நாடுகளும் பேச்சு நடத்தின. ஆயினும், 'அழித்துவிட்டோம்' என்று ஒரு நாடு கூறினால் மற்றொரு நாடு அதை எவ்வாறு நம்பும் என்பதே பெருந்தடையாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் ஒப்பந்தங்கள் செயற்கைக்கோள்களின் கண்காணிப்பையே நம்பியிருந்தன. வானிலிருந்து பார்த்தால் ஏவுதளம் தெரியும். கூரைக்குக்கீழ் இருப்பது தெரியாது. நேரில் வந்து பார்ப்பதைச் சோவியத்து ஒன்றியம் நெடுங்காலமாக உளவு வேலை என்று கருதி மறுத்துவந்தது.

அந்நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்தவர் ரொனால்டு ரீகன். ரஷ்யப் பண்பாட்டைப் பற்றி நூல்கள் எழுதிய சூசான் மேசி என்னும் அமெரிக்க எழுத்தாளர் அவரைப் பலமுறை சந்தித்து உரையாடினார். ரஷ்யர்கள் பேச்சில் பழமொழிகளைப் பெரிதும் விரும்புபவர்கள் என்பதை எடுத்துக்கூறி, இப்பழமொழியை அவருக்குக் கற்பித்தவர் அவரே. சோவியத்துத் தலைவர் மிகயில் கோர்பச்சேவுடன் பேசும்போதெல்லாம் ரீகன் அதை எடுத்தாளத் தொடங்கினார்.

1987ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், வாஷிங்டனில் உள்ள வெள்ளை மாளிகையில் இரு தலைவர்களும் இடைத்தொலைவு அணு ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். அவ்விழாவிலும் ரீகன் அப்பழமொழியை ரஷ்ய மொழியிலேயே கூறினார். ஒவ்வொரு சந்திப்பிலும் இதையே கூறுகிறீர்களே என்று கோர்பச்சேவ் உடனே குறிப்பிட, அவையில் சிரிப்பலை எழுந்தது. தமக்கு அது பிடித்திருக்கிறது என்று ரீகன் மறுமொழி கூறினார். பகைவராக நின்ற இருவர் ஒரு பழமொழியைக் கொண்டு நகைத்து மகிழ்ந்த அந்நிகழ்வே, அத்தொடரை உலகறியச் செய்தது.

சரிபார்த்தல் நடைபெற்ற முறை

தரையிலிருந்து ஏவப்பட்டு 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை பாயும் ஏவுகணைகள் அனைத்தையும் அடியோடு ஒழிப்பது அவ்வொப்பந்தத்தின் நோக்கம். 1988ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் சோவியத்து ஒன்றியம் 1,846 ஏவுகணைகளையும் அமெரிக்கா 846 ஏவுகணைகளையும் அழித்தன. மொத்தம் 2,692.

இவ்வெண்களை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், ஒவ்வொரு படிநிலையிலும் மற்றொரு நாட்டு ஆய்வாளர்கள் உடனிருந்தமையே ஆகும். முதலில் ஒவ்வொரு நாடும் தன்னிடமுள்ள ஏவுகணைகளின் எண்ணிக்கையையும் இருப்பிடத்தையும் தானே எழுதிக் கொடுத்தது. பின்னர் மற்ற நாட்டார் நேரில் சென்று அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். ஏவுகணைகள் அழிக்கப்படும்போதும் அருகிருந்து கண்டனர். குறுகிய கால அறிவிப்பில் சென்று பார்க்கும் உரிமையும் இரு நாடுகளுக்கும் இருந்தது.

சோவியத்து ஒன்றியத்தின் வோட்கின்ஸ்க் நகரத்து ஏவுகணைத் தொழிற்சாலையின் வாயிலில் அமெரிக்க ஆய்வாளர்கள் தங்கியிருந்தனர். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மேக்னா என்னும் ஊரிலிருந்த தொழிற்சாலையின் வாயிலில் சோவியத்து ஆய்வாளர்கள் தங்கியிருந்தனர். வோட்கின்ஸ்க்கில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கு உருவாக்கப்பட்ட எஸ்.எஸ்.-25 என்னும் நெடுந்தொலைவு ஏவுகணை இவ்வொப்பந்தத்தின்கீழ் தடைசெய்யப்படாதது. ஆயினும், அதன் முதல் அடுக்கு, தடைசெய்யப்பட்ட எஸ்.எஸ்.-20இன் முதல் அடுக்கைத் தோற்றத்தில் பெரிதும் ஒத்திருந்தது. வெளித்தோற்றத்தை மட்டும் கண்டு தெளிவடைய இயலாது என்பதால், வெளிவரும் கொள்கலன்களின் உட்புறத்தை ஊடுகதிர்க் கருவியால் நோக்கி அறியும் ஏற்பாடு செய்யப்பட்டது.

இவ்வாய்வுமுறை 13 ஆண்டுகள் தொடர்ந்து, 2001ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நிறைவுற்றது.

தெரிந்து தெளிவோம்

ஆய்வு செய்யும் உரிமை ஒரு தரப்பினர்க்கு மட்டும் உரியதன்று, இருதரப்பினர்க்கும் பொதுவானது. பிறரைச் சரிபார்க்க விரும்பும் நாடு, தன்னைச் சரிபார்க்கவும் வாயிலைத் திறந்துவைத்தல் வேண்டும் என்பதே அவ்வொப்பந்தத்தின் அடிப்படை.

சரிபார்த்தல் ஐயுறவு ஆகுமா?

'நம்பினால் சரிபார்க்க வேண்டியதில்லை. சரிபார்த்தால் நம்பவில்லை என்றே பொருள்' என்று இத்தொடரை மறுப்போர் உண்டு. இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஐயுறவையும் சரிபார்த்தலையும் வேறுபடுத்திக் கண்டால் தெளிவு பிறக்கும்.

ஐயுறவு மனத்துள் மறைந்து வாழ்வது. சான்று கிடைத்தாலும் அடங்காதது. சரிபார்த்தலோ வெளிப்படையாக, முன்னரே ஒப்புக்கொண்ட நெறியின்படி, இருவர் அறிய நடைபெறுவது. சான்று கிடைத்தவுடன் நிறைவடைவது. ஐயுறவு ஒருவரைக் குறித்தது. சரிபார்த்தல் செயலைக் குறித்தது.

அறுவை மருத்துவம் இதற்குத் தக்க சான்றாகும். உலக சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவை மருத்துவப் பாதுகாப்பிற்காக 19 கூறுகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்து தருவதற்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளியை அறுவை அரங்கிலிருந்து வெளியே கொண்டுசெல்வதற்கு முன் என மூன்று நிலைகளில் அதைப் படித்துப் பார்த்தல் வேண்டும். நோயாளி யார், அறுவை எவ்விடத்தில் என்பன உரக்கக் கூறி உறுதிசெய்யப்படுகின்றன. இறுதியில் கருவிகளும் பஞ்சுத்துணிகளும் ஊசிகளும் எண்ணப்படுகின்றன. செவிலியர் எண்ணுவது மருத்துவரின் திறமையை ஐயுற்று அன்று. திறமை மிக்கவரும் களைப்பாலும் விரைவாலும் மறக்கக்கூடும் என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டமையால் எண்ணப்படுகிறது. நோயாளியின் உயிர் அந்த எண்ணிக்கையில் அடங்கியுள்ளது.

தமிழில் இக்கருத்து

தமிழில் 'தெளிதல்' என்னும் சொல்லுக்குக் கலக்கம் நீங்குதல், ஐயமின்றி அறிதல் என்னும் பொருள்களோடு நம்புதல் என்னும் பொருளும் உண்டு. கலங்கிய நீர் தெளிந்தபின் அடி தெரிவதுபோல, ஆராய்ந்து தெளிந்த பின்னரே நம்பிக்கை பிறக்கிறது என்னும் கருத்து அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. ரஷ்ய மொழி நம்பிக்கையின் வேரிலிருந்து சரிபார்த்தலைக் கிளைக்கச் செய்தது; தமிழ் தெளிவின் பெயரையே நம்பிக்கைக்கும் இட்டது.

திருக்குறளின் பொருட்பாலில் 51ஆவது அதிகாரம் 'தெரிந்துதெளிதல்' என்னும் பெயருடையது. அரசன் தனக்குத் துணையாவாரை ஆராய்ந்து நம்புதலை அது கூறுகிறது. ஒருவரை ஆராயாமல் நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவர்மீது ஐயங்கொள்ளுதலும் நீங்காத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளின் கருத்து.

இங்கு இரு மரபுகளும் வேறுபடுவது போலத் தோன்றும். குறள், முதலில் ஆராய்க, பின்னர் நம்புக என்கிறது. ரஷ்யப் பழமொழி, நம்புக, உடன் ஆராய்க என்கிறது. வேறுபாட்டிற்குக் காரணம் சூழலே. அரசன் பணியில் அமர்த்துமுன் ஆராயும் வாய்ப்பும் காலமும் உடையவன். சம வலிமையுடைய இரு பகை நாடுகளோ, முழு நம்பிக்கை பிறக்கும்வரை காத்திருக்க இயலாதவை. காத்திருந்தால் படைக்கலன்களே பெருகும். ஆகவே, அவை நம்பிக்கையையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே தொடங்க வேண்டியிருந்தது. எனினும், ஆராய்ச்சி இல்லாத நம்பிக்கை தீது என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. குறள் விலக்குவது நம்பியபின் எழும் ஐயுறவையே அன்றி, ஒப்புக்கொண்ட சரிபார்த்தலை அன்று.

இத்தொடரைத் தமிழில் 'நம்பு. ஆனால் சரிபார்' என்று பெயர்ப்பது பிழையன்று. ஆயின், 'ஆனால்' என்னும் சொல் இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறது. ஆராய்தலைக் குறிக்கும் 'நாடுதல்' என்னும் சொல்லைக் கொண்டு 'நம்புக. நாடுக' என்று கூறினால், மூலத்தின் ஓசை ஒற்றுமை மோனையாகவும் இயைபாகவும் மீள்கிறது. இரு செயல்களும் தோழமையோடு நிற்கின்றன.

வழக்கில் கையாளும் முறை

இத்தொடர் இன்று பல துறைகளில் வழங்குகிறது. கணக்குத் தணிக்கை, செய்தி வெளியீடு, அறிவியல் ஆய்வு ஆகியவற்றில் இஃது ஒரு நெறியாகவே போற்றப்படுகிறது. செய்தி தந்தவர் நேர்மையானவராயினும், மற்றொரு வழியில் அதை உறுதிசெய்த பின்னரே வெளியிடுவது இதழியல் அறம்.

சூழலுக்கேற்ப இத்தொடரைத் திரித்துக் கூறுவதும் உண்டு. 2013ஆம் ஆண்டு செப்டம்பரில், சிரியாவின் வேதிப்படைக்கலன்களை அகற்றுவது குறித்து ஜெனிவாவில் உடன்பாடு ஏற்பட்டபோது, அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி 'சரிபார். மேலும் சரிபார்' என்னும் பொருள்பட அதை மாற்றி உரைத்தார். கணினிப் பாதுகாப்புத் துறையில், 'எவரையும் முன்கூட்டியே நம்பாதே. ஒவ்வொரு முறையும் சரிபார்' என்னும் கோட்பாடு 2010 முதல் பரவியுள்ளது. முதற்சொல் மாறினாலும் 'சரிபார்' என்னும் சொல் மாறாமல் நிற்பது குறிப்பிடத்தக்கது.

இத்தொடரை எவரிடம் கூறுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமைப்புகளையும் நடைமுறைகளையும் குறித்துக் கூறும்போது இது நெறியாகும். நண்பரிடமோ பெற்றோரிடமோ நேருக்கு நேர் கூறினால், 'உன்னை நான் நம்பவில்லை' என்னும் குறிப்பு தோன்றி மனத்தைப் புண்படுத்தும். சரிபார்க்கும் பொறுப்பைத் தானும் ஏற்பவர் கூறும்போதே இத்தொடர் மதிப்புப் பெறுகிறது.

முறிந்த ஒப்பந்தம் கற்பிக்கும் பாடம்

இடைத்தொலைவு ஏவுகணை ஒப்பந்தம் காலவரையறை அற்றது. ஆயினும், அதன்கீழ் நடைபெற்ற நேரடி ஆய்வுகளுக்குக் காலவரையறை இருந்தது. 2001க்குப் பின் ஆய்வாளர்கள் வாயில்களில் இல்லை. ரஷ்யா ஒப்பந்தத்தை மீறிப் புதிய ஏவுகணையை உருவாக்கிவிட்டது என்று அமெரிக்கா பின்னாளில் குற்றஞ்சாட்டியது. ரஷ்யா அதை மறுத்ததோடு அமெரிக்காவின்மீதும் குற்றஞ்சாட்டியது. ஐயத்தை நேரில் சென்று தீர்த்துக்கொள்ள முன்பிருந்த வழி அப்போது இல்லை. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்தது.

முறிவுக்கு அரசியல் காரணங்கள் பலவாயினும், ஓர் உண்மை தெளிவாகிறது. சரிபார்த்தல் நின்றபின் நம்பிக்கை பெருகிவிடவில்லை, தேய்ந்தது. வரப்பு, வயலுக்குப் பகையன்று. நீரைத் தேக்கி நிறுத்துவது அதுவே. சரிபார்த்தலும் நம்பிக்கைக்கு அத்தகையது. தன்னைப் பிறர் சரிபார்க்க மனமுவந்து இடந்தருபவரே நம்பத்தக்கவர்; அவ்வாறு இடந்தரும் சமுதாயத்தில்தான் நம்பிக்கை நிலைத்து வாழும்.

சொல்லும் பொருளும்

நாடுதல் – ஆராய்தல். ஐயுறவு – சந்தேகம். தெளிதல் – ஆராய்ந்து நம்புதல். படைக்கலன் – ஆயுதம். தணிக்கை – கணக்கை ஆராய்ந்து சரிபார்த்தல்

இலக்கணக் குறிப்பு

நம்புக, நாடுக – வியங்கோள் வினைமுற்றுகள்
அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் – எண்ணும்மை
நீங்காத துன்பம் – எதிர்மறைப் பெயரெச்சம்
கலங்கிய நீர் – பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

தெளிந்த – தெளி + த்(ந்) + த் + அ
தெளி – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

கற்பவை கற்றபின்

1. வீட்டிலும் பள்ளியிலும் சரிபார்த்தல் நடைபெறும் மூன்று சூழல்களைக் கண்டறிந்து, அவற்றில் ஐயுறவு உண்டா, இல்லையா என வகுப்பறையில் கலந்துரையாடுக.
2. கைப்பேசியில் வரும் ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் சரிபார்க்கும் வழிமுறைகளைப் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. 'நம்பு; ஆனால் சரிபார்' என்னும் தொடரின் மூலமொழி
அ) இலத்தீன் ஆ) ஆங்கிலம் இ) ரஷ்யம் ஈ) ஜெர்மன்

2. இடைத்தொலைவு ஏவுகணை ஒப்பந்தத்தின்கீழ் அழிக்கப்பட்ட ஏவுகணைகளின் மொத்த எண்ணிக்கை
அ) 846 ஆ) 1,846 இ) 2,692 ஈ) 5,500

குறுவினா

1. ரஷ்யப் பழமொழியின் இரு வினைச்சொற்களுக்கும் உள்ள வேர் உறவு யாது?
2. வோட்கின்ஸ்க் தொழிற்சாலையில் ஊடுகதிர்க் கருவி தேவைப்பட்டது ஏன்?

சிறுவினா

1. ஐயுறவுக்கும் சரிபார்த்தலுக்கும் உள்ள வேறுபாடுகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 'ஆனால்' என்னும் சொல் இத்தொடரின் பொருளை எவ்வாறு மாற்றுகிறது?

நெடுவினா

'தன்னைப் பிறர் சரிபார்க்க இடந்தருபவரே நம்பத்தக்கவர்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வரலாற்று நிகழ்வுகள் கொண்டு நிறுவுக.